மிஷினில் ஏறிய ஆர்மோனியம்

ஏற்காடு
17.6.2024

முருகன் துணை

அன்புள்ள கனகா அக்காவுக்கு, சசிகலா வணக்கத்துடன் எழுதுவது. மழை பிடித்துக்கொண்டதில் இவருக்குக் கொஞ்சம் இருமல். மற்றபடி இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டிவலி பெங்களூர்க் குளிருக்கு எப்படி இருக்கிறது? மாதேஷ், மருமகள், பேரன் எல்லோரும் சௌக்கியம்தானே?

நீங்கள் மகனோடு இருக்கப் போன பிறகு உங்கள் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு குடும்பம். முகம் பழகுவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பஜனைதான் தள்ளாடுகிறது. தேவகுமாரி ஒரு சுருதியில் எடுக்கிறாள், நாங்கள் வேறு எங்கோ கொண்டுபோய் இறக்குகிறோம். போனில் தம்பூரா போட்டுப் பார்த்தோம். மண்டபத்தில் அது கொசு பாடுவது போல இருந்தது. தேவகுமாரி சொல்கிறாள்: "கனகா போனா பரவால்லீங்க, ஆர்மோனியப் பொட்டியயாச்சும் உட்டுட்டுப் போயிருக்கலாம்." அவள் வாய் உங்களுக்குத் தெரியும். உங்களை வழியனுப்பிய அன்று அதிகம் அழுததும் அவள்தான்.

நான் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். மகள் கீர்த்திகா சென்னைக்குப் போகும்போது பழைய லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனாள். இவர் கடைக்குப் போனபின் பகல் முழுவதும் வீட்டில் நானும் அதுவும்தான். யூடியூப் பார்த்துப் பார்த்து ஒரு சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டேன். ஒரு வாத்தியத்தின் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பதிந்து அதில் ஏற்றினால், பிறகு சின்ன கீபோர்டில் தொடும்போது அந்த வாத்தியமே பேசுமாம். அதிலேயே ஒரு ஆர்மோனியம் இருக்கிறது. கேட்டால் லிஃப்ட் கதவு திறக்கிற சங்கீதம் மாதிரி இருக்கிறது. எனக்கு அது வேண்டாம், உங்கள் பெட்டிதான் வேண்டும்.

பதிந்து அனுப்புவீர்களா? வாட்ஸ்அப்பில் போட்டால் சத்தம் நசுங்கிவிடும், மெயிலில்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் இப்படி விலாவாரியாகக் கடிதம் போலவே எழுதுகிறேன். இரண்டு முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை.

உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொண்டே இருக்கும்,
சசிகலா

பெங்களூரு
25.6.2024

சசி கண்ணு, ஆசீர்வாதம். எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டி பரவாயில்லை. உன் ஊட்டுக்காரருக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடு, இருமல் நிற்கும்.

போன் எடுக்கவில்லை என்று தப்பாக நினைக்காதே. மருமகள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள், பேசினால் இடைஞ்சல். நீ எழுது, நானும் எழுதுகிறேன். போனில் தமிழ் எழுத்து அடிக்கப் பழகிவிட்டேன்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் சும்மாதான் கிடக்கிறது. எப்படிப் பதிய வேண்டும் என்று சொல், செய்கிறேன். தேவகுமாரியிடம் சொல், பெட்டியை விட்டுவிட்டு நான் மட்டும் போவதற்கு அது என்ன, வாடகைச் சாமானா?

இங்கே பேரன் என்னைவிட்டு நகர்வதில்லை. நேரமே போதவில்லை.

கனகா

ஏற்காடு
27.6.2024

முருகன் துணை

அன்புள்ள அக்காவுக்கு, சசிகலா வணக்கம். தூதுவளை வேலை செய்தது. பேரன் உங்களோடு ஒட்டிக்கொண்டான் என்று படித்ததும் மனசு குளிர்ந்தது.

பதியும் விதம் இதுதான். எல்லோரும் வெளியே போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். போனை ஒரு துண்டின் மேல் வைத்து, பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடது கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, கறுப்புக் கட்டையும் சேர்த்து, முதலில் துருத்தியை மெதுவாகத் தள்ளி ஒரு முறை, பிறகு அழுத்தித் தள்ளி ஒரு முறை. துருத்தியில் காற்று இருக்கும்வரை விரலை எடுக்க வேண்டாம்.

முக்கியமானது இனிமேல்தான். விரலை எடுத்த பிறகு உடனே அசையக் கூடாது. பதிவையும் நிறுத்தக் கூடாது. மனசுக்குள் பத்து முறை 'முருகா' சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த கட்டை. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் அறையின் சத்தம் பதியும். அதைச் சாஃப்ட்வேருக்குக் காட்டி, 'இது வேண்டாத இரைச்சல்' என்று சொன்னால், எல்லாக் கட்டையிலிருந்தும் அதை அது கழித்துவிடும்.

ஆடி வெள்ளிக்குள் முடித்துவிட ஆசை. உங்கள் முகவரி தந்தால் கோயில் விபூதி தபாலில் அனுப்புவேன்.

அன்புடன்,
சசிகலா

பெங்களூரு
10.7.2024

சசி கண்ணுக்கு. எல்லோரும் சுகம்.

நீ சொன்ன மாதிரியே செய்திருக்கிறேன். முழுவதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கீழே இருந்து நாலாவது கட்டை கொஞ்சம் இழுக்கும், அதற்கு எப்போதும் அந்த வியாதி உண்டு. எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் ஒரு வாரம் ஆகிவிட்டது.

ஒரு கட்டையை அழுத்திவிட்டு முருகா முருகா என்று சும்மா உட்கார்ந்திருப்பது இந்த வயதுக்குப் புதுசு. பாட்டு வாசிக்கும்போது இந்தப் பெட்டி இவ்வளவு தனியாகத் தெரிந்ததில்லை.

விபூதி அனுப்ப வேண்டாம். இங்கே அடுக்குமாடி, காவல்காரர் வாங்கி எங்கோ வைத்துவிடுவார். மனசில் பூசிவிடு, போதும்.

கனகா

ஏற்காடு
12.8.2024

முருகன் துணை

அன்புள்ள அக்காவுக்கு, சசிகலா வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்களிடமிருந்து ஒரு மாதமாக எழுத்து இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இந்த மாதம் முழுக்க நான் உங்கள் பெட்டியோடுதான் இருந்தேன். அரிசி களைந்து வைத்துவிட்டு ஒரு கட்டை, துணி காயப்போட்டுவிட்டு ஒரு கட்டை. எந்தக் கட்டை, மெதுவா அழுத்தமா, எதை எங்கே வெட்டினேன் என்று எல்லாம் எழுதி வைத்துக்கொண்டே வந்தேன். அப்படி எழுதாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. ஒரு பதிவின் வாலை, அதாவது கடைசியில் நீங்கள் சும்மா இருந்த நேரத்தை, எடுத்து இரைச்சல் என்று காட்டினேன். எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். லேப்டாப்பை அம்மன் சன்னதி ஓரமாக வைத்து, மேலே ஒரு சிவப்புத் துண்டு போர்த்தி, கோயில் ஸ்பீக்கரில் இணைத்தேன். முதல் தடவை தொட்டதும் எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று. நாங்கள் யாரும் சுருதி விடவில்லை. முடிந்ததும் தேவகுமாரி துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சசி, இனி கனகா வந்தாலும் சுண்டல் வாங்கிட்டுப் போற வேலதான் அவளுக்கு" என்றாள். மண்டபமே சிரித்தது. நீங்கள் இருந்திருந்தால் அவளுக்குத் தகுந்த பதில் கொடுத்திருப்பீர்கள்.

பெருமை எல்லாம் உங்களுக்குத்தான். வாசித்ததைப் பதிந்து அனுப்பியிருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சசிகலா

பெங்களூரு
24.8.2024

சசி, நலம்.

கேட்டேன். நன்றாக இருக்கிறது. என்னைவிடச் சுத்தமாக இருக்கிறது.

கனகா

ஏற்காடு
31.8.2024
(அனுப்பாமல் வரைவில் வைத்தது)

அக்கா, வணக்கம் எழுதி, நலம் கேட்டு, அப்புறம் இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

'சுத்தமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல் என்னை உறுத்தியது. மறுபடி கேட்டேன். உண்மைதான். சுருதி சரி, நீளம் சரி, உயிர் இல்லை. துருத்தி மூச்சு வாங்குகிற சத்தம், கட்டை எழும்போது மரத்தில் இடிக்கிற டொக், உங்கள் வளையல் பெட்டியில் உரசுவது எல்லாவற்றையும் இரைச்சல் என்று நானே கழித்திருக்கிறேன். அதை எல்லாம் திரும்பச் சேர்க்கலாம் என்று நீங்கள் அனுப்பிய மூலப் பதிவுகளை முதலிலிருந்து எடுத்தேன். இந்த முறை ஹெட்போன் மாட்டி, ஒவ்வொன்றின் வாலையும் கடைசிவரை கேட்டேன். முன்பு ஒன்றைத்தான் கேட்டிருந்தேன், மற்றதைக் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

மேல் பஞ்சமம், அழுத்தித் தள்ளியது. சத்தம் அடங்கிப் போய், நீங்கள் முருகா சொல்லிக்கொண்டிருக்கும் நேரம். ஒரு பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் கூப்பிடுகிறார்: "குப்பனூர் எறங்கறவங்க சீக்கிரம் எறங்குங்க. ஏற்காடு மேல போறவங்க உள்ள தள்ளி நில்லுங்க." விசில். பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற முனகல் தேய்ந்து தேய்ந்து போகிறது. அதுவரை நீங்கள் அசையவில்லை.

அதற்குப் பிறகு எல்லா வாலிலும் தேடினேன். குழந்தைச் சத்தம் இல்லை. மருமகள் சத்தம் இல்லை. லிஃப்ட் இல்லை. ஒரு கோழி. ஒரு கிரைண்டர். அப்புறம் பஸ், பஸ், பஸ்.

மலை அடிவாரத்தில் இருக்கிறீர்கள். நான் காய்கறிக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு.

ஏன் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை. கேட்டால் நீங்கள் அங்கிருந்தும் எழுந்து வேறெங்காவது போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. நான் இதைப் பஜனைக்காகச் செய்யவில்லை. பதினொரு மணிக்கு இவர் போனபின், நடுச்சுவருக்கு அந்தப்புறம் நீங்கள் பெட்டியைத் திறந்து ரெண்டு வரி வாசிப்பீர்கள். அது இல்லாமல் இந்த வீட்டில் உலை கொதிக்கிற சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. அதற்காகத்தான் செய்தேன்.

ஏற்காடு
31.8.2024

முருகன் துணை

அன்புள்ள அக்காவுக்கு, சசிகலா வணக்கம். இங்கே சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டேன். துருத்தி மூச்சையும் கட்டைச் சத்தத்தையும் மறுபடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விண்ணப்பம். அக்டோபர் பதினொன்று வெள்ளிக்கிழமை, சரஸ்வதி பூஜை. பஜனைக்கு நீங்கள் வர வேண்டும். பெங்களூரிலிருந்து தூரம்தான். ஆனாலும் ஒரே ஒரு நாள் வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். நான் எதுவும் கேட்க மாட்டேன். நீங்கள் வந்து உங்கள் பெட்டியை வாசியுங்கள், மிஷினை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

சசிகலா

பெங்களூரு
29.9.2024

சசி கண்ணு, நலம்தான்.

தாமதமாக எழுதுகிறேன். பூஜைக்கு வர முடியாது. பேரனுக்கு ஏதோ பரீட்சை. மாதேஷும் லீவு கிடைக்காது என்கிறான். மிஷின் இருக்கிறதே, அதை வைத்து நடத்துங்கள். குறை ஒன்றும் வராது.

எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். எதைக் கேட்க மாட்டாய்?

கனகா

குப்பனூர்
14.10.2024

சசிக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை நான் மேலே வந்தேன். வரமாட்டேன் என்று எழுதிவிட்டேனே தவிர, காலையில் குளித்ததும் மனசு கேட்கவில்லை. நீங்கள் வழியனுப்பும்போது போர்த்திய பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நாலு மணி பஸ் ஏறினேன். பெட்டியைக் கொண்டுவரவில்லை. வந்து நிற்போம், யாராவது பார்த்து உள்ளே கூப்பிட்டால் போவோம், வாசிக்கச் சொன்னால் பெட்டியோடு இன்னொரு நாள் வருவோம் என்று இருந்தேன்.

மண்டப வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்கு வந்தபோது பாட்டு ஆரம்பித்துவிட்டது. உள்ளே ஆர்மோனியம் கேட்டது. சசி, அது நான்தான். துருத்தி எங்கே மூச்சு வாங்கும், நாலாம் கட்டை எங்கே இழுக்கும், என் வளையல் எப்போது தட்டும், எல்லாம் நான்தான். போன தடவை நீ அனுப்பியது மிஷின். இது நான்.

தூண் மறைவில் கொஞ்ச நேரம் நின்றேன். நீ வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய். தேவகுமாரி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள், சுருதி அசையவில்லை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பவளை யார் வாசலில் வந்து தேடுவார்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசி பஸ் அல்ல, அதற்கு முந்தையதே கிடைத்தது.

மாதேஷ் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நடந்தது. இரண்டு அறை. ஹாலில் எனக்குப் பாய். அவர்கள் டிவி பார்த்து முடிக்கும்வரை நான் சமையலறையில் நிற்பேன், பாய் விரிக்க. ஒரு நாள் பெட்டியைத் திறந்து மெதுவாகத் தொட்டேன், குழந்தை எழுந்துவிட்டான். மருமகள் கோபப்படவில்லை. அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவ்வளவு மரியாதையான வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை. ஏற்காட்டுக்கே திரும்புகிறேன், சசி வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகும்போது ஆரத்தி எடுத்து அனுப்பிய ஊருக்கு மூன்று மாதத்தில் பெட்டியோடு எப்படி ஏறுவது? பஸ் குப்பனூரில் நின்றது, இறங்கிவிட்டேன்.

மகனுக்கு நான் ஏற்காட்டில் இருக்கிறேன். உங்களுக்குப் பெங்களூரில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் நான் நன்றாக இருப்பதால் எந்த இடத்திலும் என்னைத் தேட ஆள் இல்லை. இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

இதை யாரிடமும் சொல்லாதே. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல வேலைக்காரி நீ. வேலை நன்றாக வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கனகா

ஏற்காடு
15.10.2024

அக்கா,

எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். மேல் பஞ்சமத்தின் வாலில் உங்கள் ஊர் பஸ் நின்றது, கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தெரிந்தும் தெரியாதவள் போல எழுதினேன். பெங்களூரிலிருந்து தூரம்தான் என்றுகூட எழுதினேன். நீங்கள் எழுந்து வேறெங்காவது போய்விடுவீர்கள் என்று பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட.

வர முடியாது என்று நீங்கள் எழுதியதால்தான் மிஷினைக் கொண்டுபோனேன். இல்லாவிட்டால் கொண்டுபோயிருக்க மாட்டேன். மூச்சையும் வளையலையும் சேர்க்கச் சேர்க்க அது உங்களுக்குக் கிட்டே வருகிறது என்று நினைத்தேன். நீங்கள் உட்காரும் இடத்தை அது எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். கீபோர்டைத் தொட்டால் போதும் என்றிருந்தும், எதற்கு அந்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

தேவகுமாரி ஒன்று சொன்னாள், அதை எழுதித்தான் ஆக வேண்டும். பூஜை முடிந்து எல்லோரும் சுண்டல் வாங்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சசி, இன்னைக்கி நொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா எனக்குத் திட்டறதுக்கு ஆள் இல்ல. முந்தியெல்லாம் நான் தப்பாப் பாடுனா கனகா வாசிக்கறத நிறுத்திப்போட்டு மொறைப்பா. இது நான் என்ன பாடுனாலும் கூடவே வருது." அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் வாசல் தெரியவில்லை அக்கா, எனக்கும் தெரியவில்லை.

உங்களை மேலே வரச் சொல்ல மாட்டேன். நாளைக்குப் புதன்கிழமை. காலை பஸ்ஸில் நான் கீழே வருகிறேன். எந்தத் தெரு, எந்தக் கதவு என்று மட்டும் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் வருவேன். மாவு யார் விற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வருவேன்.

சசிகலா

குப்பனூர்
15.10.2024

சசி சாமி,

வா. வரவேண்டாம் என்று இரண்டு முறை அடித்துவிட்டு அழித்தேன்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில் பக்கமாக வா. டீக்கடைக்குப் பின்னால் பச்சைக் கதவு. ஜீப் போகிற பாதை அல்ல, அதற்கு உள்ளே போகிற சந்து.

கம்ப்யூட்டர் வேண்டாம், அந்த ஹெட்போனும் வேண்டாம். போனையும் பைக்குள்ளேயே வைத்திரு. பெட்டியைத் திறந்து வைக்கிறேன். நான் வாசித்துக்கொண்டே இருந்து பாதியில் நிறுத்தினால், ஏனுங்கக்கா என்று நீ கேட்க வேண்டும், அவ்வளவுதான் உன் வேலை. தேவகுமாரியைப் பற்றி அப்புறம் பேசலாம். அவளை இப்போதே கூட்டி வந்துவிடாதே, வீடு ஒழுங்காக இல்லை.

கதவைத் தட்டாதே கண்ணு. சந்து முனையிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடு, சத்தமாக. தெரு பார்த்தால் பார்க்கட்டும். இங்கே எல்லோருக்கும் நான் மாவுக்காரம்மாதான். கனகாக்கா என்று ஒருத்தர் கூப்பிட்டு நான் கேட்டு நாளாகிவிட்டது.